தரைக்குக் கீழே ஒரு விலை: புரோசார்ட் வீடுகளும் நம் சேமிப்பும்

பேஸ்மென்ட் மூலையில் கிடக்கும் தரைவிரிப்பைத் தூக்கினால் சீமெந்துத் தரையில் ஒரு வெடிப்பு தெரியும். நேர்கோடாக ஓடும் சாதாரண வெடிப்பு அல்ல அது. ஒரு புள்ளியிலிருந்து நாலைந்து பக்கம் கிளைவிட்டு நட்சத்திரம்போல விரிந்திருக்கும். உள்ளங்கையால் தடவினால் நடுப்பகுதி சற்று மேடாகத் தட்டுப்படும். பக்கத்து அறைக் கதவு தரையில் உரசி உரசி அரைவட்டமாக ஒரு கீறலைப் போட்டிருக்கும். மேல்தளத்தில் புதிய சமையலறையும் பளபளக்கும் கல்மேடையும் இருக்கும். வீடு பார்க்க வருபவர்கள் அங்கேதான் நெடுநேரம் நிற்பார்கள். ஆனால், புரோசார்ட்டில் பழைய வீடொன்றை வாங்கும் குடும்பத்தின் பல வருட உழைப்பு கீழே அந்த வெடிப்பைச் சுற்றித்தான் தீர்மானமாகிறது.

மொன்றியலின் தென்கரையில், சென் லோரன்ஸ் ஆற்றுக்கு அப்பால் இருக்கும் இந்த நகரத்தில் வீட்டு விலை ஏறுமா, இறங்குமா என்ற கேள்வி நம்மவர் வீட்டுக் கொண்டாட்டங்களில் அடிக்கடி எழுகிறது. கேள்வியில் பிழையில்லை. ஆனால் அதுவே ஒரே கேள்வியாகிவிடுவது ஆபத்து. விலையைச் சந்தை தீர்மானிக்கிறது. அது நம் கையில் இல்லை. வீட்டின் பெறுமதியைத் தரைக்குக் கீழுள்ள மண்ணும், வாசலிலிருந்து நிலையத்துக்குப் போகும் பாதையும், நொத்தாரிஸ் மேசையில் கையெழுத்தாகும் உறுதியும் தீர்மானிக்கின்றன. இவற்றை வாங்குபவரும் விற்பவரும் முன்கூட்டியே அறிந்துகொள்ள முடியும். நம் சமூகத்தில் பெறுமதி என்ற இந்தப் பாதிக்குத்தான் போதிய கவனம் கிடைப்பதில்லை என்பது என் கருத்து.

பாலங்கள் செய்த ஊர்

புரோசார்ட் 1958 பெப்ரவரியில் தனி நகரமானது. அதற்கு முன் அது லா பிரெறி பங்கைச் சேர்ந்த விவசாய நிலம். 1962 இல் பழைய சாம்பிளேன் பாலம் திறந்ததும் வயல்கள் வீட்டு மனைகளாயின. நகரைப் பகுதி பகுதியாகக் கட்டியபோது ஒவ்வொரு பகுதியின் தெருக்களுக்கும் ஒரே எழுத்தில் தொடங்கும் பெயர்களை வைத்தார்கள். அதனால்தான் இங்குள்ளவர்கள் முகவரி கேட்டால் தெருப்பெயரைச் சொல்லுமுன் 'எம் செக்சன்', 'எஸ் செக்சன்' என்கிறார்கள். வீடு தேடுபவருக்கு இந்த எழுத்து வெறும் முகவரி அல்ல. பகுதிகள் வெவ்வேறு காலத்தில் எழுந்தவை என்பதால், வீட்டின் வயதையும், அத்தோடு அதன் அடியில் எந்தக் காலத்துக் கல் கொட்டப்பட்டிருக்கும் என்பதையும் எழுத்தே ஓரளவு உணர்த்திவிடும்.

2002 இல் புரோசார்ட் லொங்கேயுடன் இணைக்கப்பட்டது. 2004 இல் நடந்த வாக்கெடுப்பில் மக்கள் பிரிவை விரும்பினார்கள். 2006 இல் மீண்டும் தனி நகரமானது. அதே ஆண்டில் 10 ஆம், 30 ஆம் நெடுஞ்சாலைகள் சந்திக்கும் இடத்தருகே டிஸ்-ட்ரான்ட் வணிக வளாகம் திறந்தது. 2016 இல் 85,721 ஆக இருந்த மக்கள்தொகை 2021 கணக்கெடுப்பில் 91,525 ஆனது. சீனர், அரபு மொழி பேசுவோர், தெற்காசியர் எனப் பல வம்சாவளியினர் அடுத்தடுத்த வீடுகளில் வாழும் ஊர் இது. 1980களில் அகதிகளாக வந்து மொன்றியலின் கோத்-தெ-நேஜ், பார்க் எக்ஸ்டென்சன் வாடகை வீடுகளில் பல வருடம் கழித்த ஈழத்தமிழர் பலர், பிள்ளைகள் வளர்ந்ததும் லாவல், டொலார்-தே-ஓர்மோ, புரோசார்ட் போன்ற புறநகரங்களுக்கு நகர்ந்தார்கள். இரவு வேலை, சீட்டுக் காசு, கணவன் மனைவி இருவரின் சம்பளம் எல்லாம் சேர்ந்துதான் அந்த முதல் வீடு.

நகரத்தால் இனி விரும்பியபடி அகல முடியாது. கியூபெக் 1978 இல் கொண்டுவந்த விவசாய நிலப் பாதுகாப்புச் சட்டம் நகரின் வெளிப்புறத்தில் பெரும் பரப்பைப் பயிர்நிலமாகக் காத்து நிற்கிறது. மொன்றியல் பெருநகரச் சமூகத்தின் 2012 ஆம் ஆண்டுத் திட்டம், புதிய குடியிருப்புகளைப் போக்குவரத்து நிலையங்களைச் சுற்றி அடர்த்தியாகக் கட்டச் சொல்கிறது. ஆகவே புதிதாக வருவது பெரும்பாலும் மாடிக் குடியிருப்புகள். முற்றமும் கராஜும் உள்ள தனி வீடுகளின் எண்ணிக்கை அதிகம் கூடப்போவதில்லை. தனி வீட்டு விலை எளிதில் இறங்காததற்கு இது ஒரு காரணம்.

வட்டி சொல்லும் கதை

2020 மார்ச்சில் கனடா வங்கி தன் அடிப்படை வட்டியை 0.25 சதவீதத்துக்கு இறக்கியது. 2022 மார்ச்சில் ஏற்றத் தொடங்கி 2023 ஜூலையில் 5 சதவீதத்தைத் தொட்டது. 2024 ஜூனில் இறக்கம் ஆரம்பித்து, 2025 அக்டோபரில் 2.25 இல் வந்து நின்றது. ஐந்தரை வருடத்தில் இவ்வளவு ஏற்ற இறக்கம்.

இதைக் குடும்பக் கணக்கில் பார்ப்போம். 480,000 டாலர் கடன், 25 வருடத் தவணை. வட்டி 2 சதவீதமானால் மாதம் சுமார் 2,030 டாலர். 4.5 சதவீதமானால் சுமார் 2,655 டாலர். வீடும் கடன்தொகையும் அதேதான். மாதம் 600 டாலருக்கு மேல் கூடுகிறது. 2020, 2021 இல் ஐந்து வருட நிலைவட்டியில் வாங்கியவர்களுக்குப் புதுப்பிக்கும் காலம் 2025, 2026 ஆண்டுகள். அவர்களுக்கு நான் சொல்வது ஒன்றே: வங்கி அனுப்பும் புதுப்பிப்புக் கடிதத்தில் அப்படியே கையெழுத்திட வேண்டாம். தவணை முடிய நாலைந்து மாதங்களுக்கு முன்பே வேறு இரண்டு இடங்களில் வட்டி கேளுங்கள். முதல் கடிதத்தில் வரும் வட்டி பெரும்பாலும் பேசிக் குறைக்கக்கூடியது.

வட்டி ஏறியபோது ரொறன்ரோவில் நடந்ததும் மொன்றியலில் நடந்ததும் ஒன்றல்ல. ரொறன்ரோப் பெரும்பாகத்தில் 2022 பெப்ரவரியில் சராசரி விலை 13 இலட்சம் டாலரைத் தாண்டி, பின்னர் இறங்கி, 2025 வரை அந்த உச்சத்துக்குத் திரும்பவில்லை. மொன்றியல் பெருநகரத்தில் தனி வீட்டின் இடைநிலை விலை 2019 இல் மூன்றரை இலட்சம் டாலர் அளவில் இருந்தது. இடையில் சிறு தயக்கத்துக்குப் பின் ஏறி, 2025 இல் ஆறு இலட்சத்தைக் கடந்தது. குறைந்த விலையில் தொடங்கியதும், விற்பனைக்கு வரும் வீடுகள் குறைவாக இருந்ததும் இங்கே விலையைத் தாங்கின. நமக்கு வரும் வீட்டு ஆலோசனைகளில் பெரும்பகுதி ஸ்காபரோ, மார்க்கம், பிரம்டனில் இருக்கும் உறவினரிடமிருந்து தொலைபேசியில் வருவது. அன்போடு சொல்வதுதான். ஆனால் அது வேறொரு சந்தையின் அனுபவம், வேறொரு சட்டத்தின் நடைமுறை. கியூபெக்கில் வீடு வாங்குபவர் கியூபெக்கின் கணக்கைத்தான் போட வேண்டும்.

நிலையத்துக்கு எத்தனை நிமிடம்

2019 கோடையில் புதிய சாம்பிளேன் பாலம் திறந்தது. 2023 ஜூலை 31 இல் அதன் நடுவே ரெம் என்ற தானியங்கி ரயில் ஓடத் தொடங்கியது. கியூபெக்கின் ஓய்வூதிய நிதியமான கேஸ்-தெ-டெப்போவின் துணை நிறுவனம் கட்டியது இது. தொடக்கத்தில் 16.6 கிலோமீற்றர், ஐந்து நிலையங்கள். அவற்றில் பனாமா, டு கார்த்தியே, இறுதி நிலையமான புரோசார்ட் ஆகிய மூன்றும் இந்த நகரில். மொன்றியலின் மத்திய நிலையத்துக்கு இருபது நிமிடத்துக்குள் போய்விடலாம். ரயில் வந்தபின் பாலம் தாண்டி நகர்மையத்துக்கு ஓடிய பேருந்துகள் நிறுத்தப்பட்டு, பயணிகள் ரெம் நிலையங்களுக்குத் திருப்பப்பட்டார்கள். முதல் குளிர்காலங்களில் ரயில் பலமுறை தடைப்பட்டபோது, மாற்றுவழி இல்லாமல் நின்றவர்களின் சலிப்பு நியாயமானது.

'ரெம்முக்குப் பக்கத்தில்' என்ற சொல் இன்று எல்லா விற்பனை விளம்பரத்திலும் இருக்கிறது. அந்தச் சொல்லுக்குக் காசு கொடுக்கும் முன் ஒரு விடயத்தைக் கவனியுங்கள். புரோசார்ட்டில் தண்டவாளம் 10 ஆம் நெடுஞ்சாலையின் நடுவில் ஓடுகிறது. வரைபடத்தில் அறுநூறு மீற்றர் என்று தெரியும் நிலையம், நெடுஞ்சாலையையும் அதன் வளைவுச் சாலைகளையும் சுற்றிப் போகும்போது இரட்டிப்புத் தூரமாகலாம். இறுதி நிலையம் ஏறத்தாழ மூவாயிரம் கார்கள் நிற்கும் திடலோடு கட்டப்பட்டது. அது முதன்மையாக வண்டியில் வருவோருக்கானது. எனவே வீட்டைப் பார்க்கப் போகும் நாளில் வாசலிலிருந்து நிலைய மேடை வரை நடந்து பாருங்கள். முடிந்தால் ஜனவரி மாத மாலை ஐந்து மணிக்கு, வேலை முடிந்து வரும் நேரத்தில் நடங்கள். நடைபாதையில் பனி வாரப்பட்டிருக்கிறதா, வெளிச்சம் இருக்கிறதா, பிள்ளை தனியே நடந்து வரலாமா என்பதெல்லாம் அந்த நடையில் தெரிந்துவிடும். ரெம்முக்காகக் கூடுதல் விலை கேட்கும் வீட்டுக்கு நீங்கள் வைக்கக்கூடிய ஒரே நேர்மையான அளவுகோல் அது.

நிலையத்திலிருந்து ஒரு கிலோமீற்றருக்குள் பெரிய கட்டடம் எழுப்புவோர் 2018 முதல் ரெம்முக்கென ஒரு கட்டணம் செலுத்த வேண்டும், பரப்பளவின்படி கணக்கிடுவது. கட்டுபவர் செலுத்தினாலும் கடைசியில் அது புதிய கொண்டோவின் விலைக்குள்தான் வந்து சேரும். புதிய கொண்டோவின் விலையையும் பத்து வருடப் பழையதன் விலையையும் ஒப்பிடுபவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

மண்ணைக் கேட்பது

இனி அந்த நட்சத்திர வெடிப்புக்குத் திரும்புவோம். வீடு கட்டும்போது பேஸ்மென்டின் சீமெந்துத் தரைக்கும் கராஜ் தரைக்கும் கீழே உடைத்த கல்லை நிரப்புவார்கள். தென்கரையில் பல வருடங்களாக நிரப்பிய கல்லில் பைரைட் என்ற இரும்பு-கந்தகக் கனிமம் கலந்திருந்தது. ஈரமும் காற்றும் பட்டால் பைரைட் கந்தக அமிலமாக மாறும். அமிலம் கல்லிலுள்ள சுண்ணாம்போடு சேர்ந்து ஜிப்சத்தை உண்டாக்கும். ஜிப்சம் ஊதிப் பெருக, மேலுள்ள தரை மெல்ல மெல்ல எழும்பும். கட்டிப் பத்துப் பதினைந்து வருடம் ஒன்றும் தெரியாமலிருந்து, பிறகு வெடிப்பு காட்டும் வீடுகள் உண்டு. 1999 இல் பைரைட் இல்லாத நிரப்புக் கல்லுக்கான தரம் நடைமுறைக்கு வந்தது, 'டி.பி.' முத்திரை பெற்ற கல் அதுதான். அதற்கு முன் கட்டிய வீடென்றால் கேட்டே ஆக வேண்டும்.

பரிசோதனை எளிது. தரையில் துளையிட்டு, அடியிலுள்ள கல்லை எடுத்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புவார்கள். வீக்கத்தின் வாய்ப்பை 0 முதல் 100 வரையான ஒரு சுட்டெண்ணில் எழுதித் தருவார்கள். எண் உயர உயர ஆபத்து கூடும். கராஜ், பேஸ்மென்ட் இரண்டிலும் மாதிரி எடுக்க வேண்டும். இரண்டுக்கும் வெவ்வேறு கல் போட்டிருக்கக்கூடும். தரையை உடைத்துக் கல்லை அள்ளி மீண்டும் ஊற்றும் வேலைக்குப் பல பத்தாயிரம் டாலர் போகும். அதனால் விற்பவர் பழைய பைரைட் அறிக்கையைக் காட்டினாலும், எந்த இடத்தில் எத்தனை துளை போட்டார்கள் என்பதைப் படியுங்கள். துருவா-றிவியேர் பகுதியைப் பாதித்த பைரோடைட் என்ற கனிமம் வேறு பிரச்சினை. அது சீமெந்துக் கலவைக்குள்ளேயே இருப்பது. இரண்டையும் குழப்பி யாராவது ஆறுதல் சொன்னால் ஏற்க வேண்டாம்.

கல்லுக்கு அடியிலுள்ள களிமண்ணையும் மறக்கக் கூடாது. பல்லாயிரம் வருடத்துக்கு முன் இந்தப் பள்ளத்தாக்கை மூடியிருந்த சாம்பிளேன் கடல் விட்டுப்போன களி அது. வறண்ட கோடையில் அது சுருங்கும். வீட்டோரத்தில் நிற்கும் பெரிய வெள்ளி மேப்பிள் போன்ற மரம் அந்தக் களியின் ஈரத்தை உறிஞ்சினால் அத்திவாரம் ஒரு பக்கம் தாழலாம். வெளிச்சுவர்ச் செங்கலில் படிக்கட்டுபோல ஏறும் வெடிப்பையும், சாத்த மறுக்கும் ஜன்னலையும் பாருங்கள்.

அடுத்தது தண்ணீர். 2024 ஆகஸ்ட் 9 இல் டெபி சூறாவளியின் எச்சம் மொன்றியல் பகுதியில் ஒரே நாளில் சில இடங்களில் 150 மில்லிமீற்றருக்கு மேல் மழை கொட்டியது. கியூபெக்கில் காப்புறுதி நிறுவனங்கள் ஈடு செய்த இழப்பு முதல் மதிப்பீட்டின்படி ஏறத்தாழ 250 கோடி டாலர். பெரும்பாலான சேதம் ஆறு பெருகியதால் அல்ல, கழிவுநீர்க் குழாய் பின்னோக்கிப் பாய்ந்து பேஸ்மென்டுகளுக்குள் நுழைந்ததால். கழிவுநீர்ப் பின்னோட்டத்துக்கான காப்புறுதி அடிப்படைத் திட்டத்தில் வருவதில்லை. தனியே சேர்க்க வேண்டும். முன்பு வெள்ளம் வந்த வீட்டுக்கு அதைச் சில நிறுவனங்கள் மறுக்கின்றன. வாங்கும் ஒப்புதல் கையெழுத்தாகுமுன் அந்த முகவரிக்கே காப்புறுதி விலை கேளுங்கள். பின்னோட்டத் தடுப்பு வால்வு இருக்கிறதா, கடைசியாக எப்போது துப்புரவு செய்தார்கள் என்று பாருங்கள். நம்மவரில் பலர் பேஸ்மென்டில் பெற்றோரைத் தங்க வைக்கிறோம். சாமியறையையும் அங்கேயே வைக்கிறோம். எனவே இது பழைய சாமான் கிடக்கும் இடத்தைப் பற்றிய கவலை மட்டுமல்ல.

பனிக்காலத்தில் வாங்குபவருக்குப் போட்டி குறைவு; இங்கே சந்தை சூடுபிடிப்பது பெப்ரவரி முதல் மே வரை. ஆனால் கூரை பனியால் மூடியிருக்கும், மண்ணின் சரிவும் தெரியாது. அப்படியானால் கூரையின் வயதுக்கான ரசீதைக் கேட்டு வாங்குங்கள். 1960களின் நடுப்பகுதி முதல் 1970களின் நடுப்பகுதி வரையான வீடென்றால் மின்கம்பி அலுமினியமா என்று பரிசோதகரிடம் குறிப்பாகக் கேளுங்கள். போட்டி அதிகமான காலத்தில் 'பரிசோதனை வேண்டாம்' என்று எழுதிக் கொடுத்தால் வீடு கிடைக்கும் என்று சொல்வார்கள். பல குடும்பங்கள் அப்படி எழுதிக் கொடுத்து மனம் நொந்திருக்கின்றன. வீடு கைநழுவினால் இன்னொன்று வரும். தரைக்குக் கீழே புதைந்த காசு திரும்பி வராது.

நொத்தாரிஸின் மேசை

ரொறன்ரோவில் வீட்டுப் பத்திரத்தை வழக்கறிஞர் முடிப்பார். கியூபெக்கில் அது நொத்தாரிஸின் வேலை. யாழ்ப்பாணத்தில் காணி வாங்கி விற்ற நம் பெற்றோருக்கு இந்தச் சொல் புதிதல்ல. 1840 ஆம் ஆண்டின் மோசடித் தடுப்புச் சட்டத்தின்படி இலங்கையில் காணி உறுதி நொத்தாரிஸ் முன்னிலையில் இரு சாட்சிகளோடு எழுதப்பட வேண்டும். கியூபெக்கிலும் வீட்டின் மேல் வைக்கும் ஈடு நொத்தாரிஸ் எழுதினால்தான் செல்லும். வழக்கமாக வாங்குபவர் தேர்ந்தெடுத்துப் பணம் கொடுத்தாலும், அவர் இரு தரப்புக்கும் நடுநிலையானவர். உரிமைத் தொடரைப் பின்னோக்கி ஆராய்கிறார். பணத்தைத் தன் பொறுப்புக் கணக்கில் வைத்திருந்து பரிமாறுகிறார்.

அந்த மேசையில் அவர் கேட்கும் முதல் கேள்விகளில் ஒன்று பலரைத் திகைக்க வைக்கும்: "நீங்கள் திருமணம் செய்தபோது எங்கே வசித்தீர்கள்?" காரணம் இது. கியூபெக் குடியியல் சட்டத்தொகுப்பின்படி, ஒப்பந்தமின்றித் திருமணம் செய்த தம்பதியின் சொத்து முறையை, திருமணத்தின்போது அவர்கள் குடியிருந்த நாட்டின் சட்டம் ஆளும். யாழ்ப்பாணத்தில் மணமுடித்து வந்த தம்பதிக்கு, ஒல்லாந்தர் 1707 அளவில் தொகுத்த தேசவழமைச் சட்டம் வரை அந்தக் கேள்வி போய்ச் சேரலாம். முதுசம், சீதனம், தேடியதேட்டம் என்று நம் வழக்கம் பிரித்த சொத்துக்களில், திருமணத்துக்குப் பின் இருவரும் தேடியது இருவருக்கும் பொது. கியூபெக்கில் 1970 முதல் ஒப்பந்தமின்றி மணந்தவர்களுக்கு இயல்பாகப் பொருந்தும் முறையும் ஏறத்தாழ அந்தத் தேடியதேட்டக் கருத்தையே கொண்டது.

அதற்கும் மேலே, 1989 இல் வந்த குடும்பச் சொத்து விதி இங்கு வாழும் திருமணமான ஏறத்தாழ எல்லோரையும் கட்டும். வீட்டின் உறுதியில் யார் பெயர் இருந்தாலும், பிரியும்போதோ ஒருவர் இறக்கும்போதோ குடும்ப இல்லத்தின் நிகரப் பெறுமதி இருவருக்கும் பாதியாகும். திருமணத்துக்கு முன் இருந்ததற்கும் வாரிசாக வந்ததற்கும் கழிவு உண்டு. வீட்டை விற்கும்போதும் பெயரில் இல்லாத துணையின் சம்மதக் கையெழுத்தை நொத்தாரிஸ் கேட்பார். 'அவ பேர் போட்டா என்ன, போடாட்டி என்ன' என்று பெண்களின் பெயரை விட்டுவிடும் குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. சம்பளத்தைப் போட்டவர் பெயர் உறுதியில் இருக்க வேண்டும். மாறாக, வங்கிக் கடனுக்காக மட்டும் தம்பியின் பெயரைச் சேர்ப்பது, வேறொருவர் பெயரில் வாங்குவது போன்ற ஏற்பாடுகள் உறவையும் வீட்டையும் சேர்த்து அழித்திருக்கின்றன. சட்டத்தின் முன் காகிதத்தில் இருக்கும் பெயர்தான் பேசும்.

2022 செப்டம்பர் முதல் நிலப் பதிவேட்டில் பதியும் உறுதி பிரெஞ்சு மொழியில் இருக்க வேண்டும். பிரெஞ்சு சரியாகத் தெரியாத பெற்றோர் கையெழுத்திடும் நாளில், பதினாறு வயது மகளை மொழிபெயர்க்க உட்கார வைப்பது நியாயமில்லை. ஒரு வாரம் முன்னதாக வரைவைக் கேட்டு வாங்கி, நிதானமாக விளங்கிக்கொள்ளுங்கள். நொத்தாரிஸ் விளக்க வேண்டியது அவர் கடமை. கேட்பது உங்கள் உரிமை.

தரகர் விடயத்திலும் தெளிவு வேண்டும். 2022 ஜூன் 10 முதல், ஒரே தரகர் ஒரு வீட்டு விற்பனையில் வாங்குபவரோடும் விற்பவரோடும் ஒப்பந்தம் வைத்திருக்க முடியாது. எழுத்தில் ஒப்பந்தம் இல்லாமல் விற்பவரின் தரகரிடம் போனால், அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், கோயிலில் பழகியவராக இருந்தாலும், விற்பவரின் நலனையே காக்கக் கடமைப்பட்டவர். உங்களுக்கென ஒருவரை ஒப்பந்தத்தோடு வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஒப்பந்தத்திலிருந்து மூன்று நாளுக்குள் விலகவும் சட்டம் இடம் தருகிறது.

மேசைக்குக் கொண்டுபோக வேண்டிய பணம்

600,000 டாலர் வீட்டை எடுத்துக்கொள்வோம். குறைந்தபட்ச முற்பணம் முதல் 500,000 க்கு 5 சதவீதம், மீதிக்கு 10 சதவீதம்: 25,000 உடன் 10,000 சேர்த்து 35,000 டாலர். மீதி 565,000 கடன். இருபது சதவீதத்துக்குக் குறைந்த முற்பணம் என்பதால் கடன் காப்புறுதி வேண்டும். இந்த அளவில் 4 சதவீதம், அதாவது 22,600 டாலர். அதைக் கடனோடு சேர்க்கலாம். ஆனால் அதன் மேல் கியூபெக் விதிக்கும் 9 சதவீத வரியை, 2,034 டாலரை, கையிலிருந்துதான் கட்ட வேண்டும். பலர் கடைசி வாரத்தில்தான் இதை அறிகிறார்கள்.

பிறகு உரிமை மாற்ற வரி. மக்கள் வாயில் இது 'வரவேற்பு வரி'. 2025 ஆம் ஆண்டின் மாகாண அடிப்படைப் படிகளில் 61,500 வரை 0.5 சதவீதம், 307,800 வரை 1 சதவீதம், அதற்கு மேல் 1.5 சதவீதம். 600,000 க்கு ஏறத்தாழ 7,150 டாலர். 500,000 க்கு மேற்பட்ட பகுதிக்கு நகரசபைகள் கூடுதல் வீதம் வைக்கலாம் என்பதால், நகரசபையிடம் நேரே கேட்டுக்கொள்ளுங்கள். வீடு புகுந்த சில வாரங்கள், மாதங்கள் கழித்துத்தான் இந்தப் பற்றுச்சீட்டு வரும். அதற்குள் எல்லாக் காசையும் சோபாவிலும் திரைச்சீலையிலும் போட்டுவிடக் கூடாது. நொத்தாரிஸ், பரிசோதகர், பைரைட் ஆய்வு, முன்பணமாகக் கட்டிய வரிகளின் பங்கு, குளிர்கால டயர், பனி வாரும் கருவி எல்லாம் சேர்த்து, முற்பணத்துக்கு அப்பால் குறைந்தது 15,000 டாலராவது கையில் வைத்திருப்பவரே நிம்மதியாக முதல் பனிக்காலத்தைக் கடப்பார்.

2023 ஏப்ரலில் வந்த முதல் வீட்டுச் சேமிப்புக் கணக்கில் ஆண்டுக்கு 8,000, மொத்தம் 40,000 டாலர் வரை வரிச்சலுகையோடு சேர்க்கலாம். ஓய்வூதியச் சேமிப்பிலிருந்து முதல் வீட்டுக்காக 60,000 வரை எடுக்கலாம். 2024 ஏப்ரலில் உயர்த்திய எல்லை அது. கணவன் மனைவி இருவரும் முதல் வீடு வாங்குபவராயின் இருவருக்கும் தனித்தனியே பொருந்தும். வீடு வாங்க மூன்று வருடம் இருக்கும்போதே கணக்கைத் திறந்துவிடுவது நல்லது. சீட்டு எடுத்து முற்பணம் கட்ட நினைப்பவர்கள் இன்னொன்றை அறிய வேண்டும்: வங்கி மூன்று மாதக் கணக்கைப் பார்க்கும், திடீரென வந்த தொகையின் மூலத்தைக் கேட்கும். கட்டி முடிக்காத சீட்டு ஒரு கடன். வங்கி அதை அறியாவிட்டாலும் உங்கள் மாதச் சம்பளம் அறியும்.

விற்பவர்களுக்கு

விற்பவர் முதலில் செய்ய வேண்டியது சுவருக்கு வர்ணம் அடிப்பதல்ல, நில அளவையாளரின் இடவமைவுச் சான்றிதழைத் தேடுவது. வேலி, மரத்தட்டு, நீச்சல் குளம், சேர்த்துக் கட்டிய அறை என்று எதுவும் சான்றிதழுக்குப் பின் மாறியிருந்தால், அல்லது நிலப்பதிவுச் சீரமைப்பில் மனையின் எண் மாறியிருந்தால், புதிது எடுக்க வேண்டும். அதற்கு வாரக்கணக்கில் ஆகும். வாங்குபவர் வந்தபின் தேடத் தொடங்கினால் விற்பனை தாமதமாகும்.

அடுத்தது விற்பவர் அறிவிப்புப் படிவம். தரகர் மூலம் விற்கும் வீட்டுக்கு இது 2012 முதல் கட்டாயம். பைரைட், தண்ணீர், கூரை, பழைய திருத்தங்கள் என்று அது கேட்கும் கேள்விகளுக்கு உண்மையை எழுதுவது விற்பவருக்கே பாதுகாப்பு. சட்டத்தொகுப்பின் 1726 ஆம் பிரிவு மறைந்த குறைகளுக்கு எதிரான உத்தரவாதத்தை விற்பவர் மேல் வைக்கிறது. 'சட்ட உத்தரவாதம் இல்லாமல்' விற்கலாம்தான். ஆனால் தெரிந்தே மறைத்த குறைக்கு அந்த வாசகம் காவல் நிற்காது, நட்ட ஈடும் சேர்ந்து வரும். குறையைக் கண்ட வாங்குபவர் தாமதிக்காமல் எழுத்தில் அறிவிக்க வேண்டும். விற்பவர் பார்க்குமுன் திருத்திவிட்டால் வழக்கு பலவீனமாகும்.

விற்ற காசில் எவ்வளவு கைக்கு வரும் என்பதையும் முதலே எழுதிப் பாருங்கள். தரகுக் கூலி பேசித் தீர்மானிப்பது. 5 சதவீதம் என்று வைத்தால் 600,000 க்கு 30,000. இரு விற்பனை வரிகளும் சேர்ந்து 14.975 சதவீதம் என்பதால் இன்னும் 4,492 டாலர். நிலைவட்டிக் கடனை இடையில் முறித்தால் தண்டம் உண்டு. அது மூன்று மாத வட்டியா, வட்டி வித்தியாசமா என்பதை வங்கியிடம் எழுத்தில் கேளுங்கள். 2023 முதல், 365 நாளுக்குள் வாங்கி விற்றால் வரும் இலாபத்தை, விதிவிலக்கான சில குடும்பச் சூழ்நிலைகள் தவிர, வியாபார வருமானமாகவே வரித் திணைக்களம் பார்க்கும். வாழ்வதற்கான வீட்டைச் சூதாட்டப் பொருளாக்காமல் இருக்க இந்தச் சட்டம் ஒரு நல்ல தடை.

உறுதிப் பெட்டி

1995 அக்டோபர் இறுதியில் யாழ்ப்பாணத்தில் போரால் வலிகாமம் ஒரே இரவில் வெளியேறியபோது, கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு நாவற்குழிப் பாலத்தைக் கடந்தவர்களில் பலர் சோற்றுப் பானையை விட்டாலும் காணி உறுதியை விடவில்லை. பொலித்தீன் பையில் சுற்றி மார்போடு அணைத்துக் கொண்டுபோன அந்தக் காகிதம், வருடங்கள் கழித்து ஊர் திரும்பியவர்களுக்குத் தங்கள் வேலி எது என்று காட்டியது. காகிதத்தின் அருமையை உலகத்தில் யாரும் நமக்குச் சொல்லித்தரத் தேவையில்லை.

புரோசார்ட்டில் வீடு வாங்கும் ஒவ்வொரு குடும்பமும் அதே கவனத்தோடு ஒரு கோப்பைத் தொடங்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். உறுதி, இடவமைவுச் சான்றிதழ், பைரைட் அறிக்கை, கூரை மாற்றிய ரசீது, வால்வு துப்புரவு செய்த திகதி, பரிசோதகரின் படங்கள் எல்லாம் அதற்குள் போகட்டும். கனடா வங்கி வருடத்தில் எட்டு முறை கூடி வட்டியைப் பற்றி முடிவெடுக்கும். அங்கே நமக்கு இருக்கை இல்லை. இந்தக் கோப்பை நிரப்புவது நம் வேலை. இருபது வருடம் கழித்து வீட்டை விற்கும் நாளில், பேஸ்மென்ட் தரைவிரிப்பைத் தாமாகவே தூக்கிக் காட்டி, கோப்பைத் திறந்து மேசையில் வைக்கிற விற்பவருக்கு விலை பேசப் பயமிராது.